இடிந்து விழும் நிலையில்

மனு எழுதுவதில் என்னை மிஞ்சுவதற்குக் கரட்டுப்பேட்டையில் ஆள் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. அந்தப் பெருமையெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போயாயிற்று. நடந்ததைச் சொல்ல வேண்டுமென்றால் அங்கிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

என் பெயர் பொன்னழகு. திண்டுக்கல்லிலிருந்து கன்னிவாடிப் பக்கம் போகிற வழியில் இருக்கிற இந்தச் சின்ன ஊரில் பதினாறு வருடமாக நூலகர். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுநாள். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் புத்தகம் எடுக்க வருகிறவர்களை விட மனு எழுத வருகிறவர்கள்தான் என் மேசைக்கு முன்னால் அதிகம் நிற்பார்கள். காசு வாங்க மாட்டேன். ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் "சார், நீங்க எழுதுன மனுவுக்கு வேலை நடந்துருச்சு" என்று யாராவது வந்து சொல்லிவிட்டால் இரண்டு நாளைக்கு எனக்குத் தலைகால் புரியாது.

அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. தெருவிளக்கு எரியவில்லை என்று எழுதினால் ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். 'இருளில் விஷ ஜந்துக்கள் நடமாடுவதால் பள்ளிக் குழந்தைகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கின்றனர்' என்று எழுத வேண்டும். மறுவாரம் பல்பு வரும். சாக்கடை அடைத்திருந்தால் 'கொள்ளை நோய் பரவும் அபாயம்'. ரோட்டில் குழி விழுந்திருந்தால் அது 'மரணக் குழி'. ஊரில் எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். படிக்கிற அதிகாரிகளும் பாதியைக் கழித்துக்கொண்டுதான் படிக்கிறார்கள். எழுதுகிறவனுக்கும் தெரியும், படிக்கிறவனுக்கும் தெரியும். இத்தனை வருடமாக இதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

இனி எங்கள் நூலகக் கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது சொல்ல மட்டும்தான் முடியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் கட்டியது. தோல் மண்டி வைத்திருந்த அப்துல் ஹாதி ராவுத்தர் இடம் கொடுத்தார். ஊருக்கு மேற்கே இருக்கிற கரட்டில் கல் உடைத்தார்கள். சுற்றுப்பட்டி சம்சாரிகள் அறுப்பு முடிந்த கையோடு வண்டி கட்டி அதைச் சும்மாவே ஏற்றி வந்தார்கள். இடுப்பளவுக்குக் கருங்கல், அதற்கு மேல் சுண்ணாம்புச் சாந்தில் செங்கல். சுவரின் கனம் ஒன்றரை முழம். சன்னலில் ஆள் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம், படித்தார்கள். வெயில் நேராக விழாதபடி வடக்குப் பார்த்து ஏழு சன்னல்கள். கூரைதான் இதில் விசேஷம். தேக்கு விட்டங்களைக் குறுக்கே போட்டு, பட்டைச் செங்கலைச் சாய்வாக நெருக்கி அடுக்கி, மேலே சுண்ணாம்புச் சல்லி கொட்டி, முப்பது பெண்கள் வரிசையாகக் குத்தவைத்து மரக்கட்டையால் பதினோரு நாள் தட்டித் தட்டி இறுக்கிய தளம், அதன் மேல் தட்டோடு என்கிற சதுர ஓடு. இரும்பு என்று ஒரு கம்பி கிடையாது. சித்திரை வெயிலில் வெளியே தார் உருகும்போது உள்ளே மின்விசிறி இல்லாமல் உட்காரலாம்.

கட்டடக் குழுவின் தீர்மானப் புத்தகத்தை நான் படித்திருக்கிறேன். ராவுத்தர் இடம் கொடுக்க ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். பக்கத்துச் சந்துப் பக்கமாகப் பெண்களுக்குத் தனி வாசல், தனி அறை வேண்டும். குழுவில் மூன்று கூட்டம் இதற்குச் சண்டை நடந்திருக்கிறது. கடைசியில் ராவுத்தர்தான் ஜெயித்தார். அந்தக் குடும்பத்து மருமகள் கமர்ஜஹான், எங்கள் நூலகத்துக்கு இருபது வருட வாசகி, காரணத்தை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

"அவுக சம்சாரம் கேட்டாங்களாம் சார். 'நீங்க எடம் குடுப்பீக, ஆம்பளைக போயிப் படிப்பீக, நாங்க என்ன வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கவா?'ன்னு. ரெண்டு நாள் சோறு ஆக்கலையாம்."

அப்படி வந்ததுதான் அந்த அறை. பன்னிரண்டுக்குப் பத்து. பெரிய கூடத்துக்கும் அதற்கும் நடுவில் இருக்கிற சுவரில் ஒரு சின்ன மரக்கதவு. பெண்கள் புத்தகப் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதி அதன் வழியாகத் தள்ளுவார்கள், நூலகர் புத்தகத்தை அதே வழியாகத் தள்ளுவார். என் காலத்தில் துண்டுச்சீட்டு எல்லாம் இல்லை. "சார், கரண்ட் அஃபயர்ஸ் போன மாசத்தது இருக்கா?" என்று கத்துவார்கள். 'அமைதி காக்க' என்று பலகை மாட்டியிருக்கிறது, யார் மதித்தார்கள்? போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பெண்கள் ஆறேழு பேர் காலை ஒன்பது மணிக்கு அந்த அறையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். அவர்களில் ஒருத்தி பவித்ரா.

பவித்ராவின் அப்பா மொக்கைச்சாமி கரட்டுக்கு அந்தப் பக்கம் களத்துப்பட்டியில் சம்பங்கி, மல்லிகை போட்டிருக்கிறார். காலையில் டிவிஎஸ் வண்டியில் முன்னால் பூ மூட்டை, பின்னால் மகள் என்று வருவார். அவளைச் சந்து வாசலில் இறக்கிவிட்டுத் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குப் போவார். பெரிய கூடத்து வாசலில் ஒரு நாளும் இறக்கியதில்லை. அவர் என்னிடம் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"சார், ஆம்பளப் பயலுகளோட சேந்து ஒக்காந்து படிக்கிற எடம்னா எங்க சாதி சனத்துல வாயில போட்டு மென்னுருவாய்ங்க. இங்க தனி ரூமு இருக்குன்னுதான் விடுறேன். இன்னும் ஒரே ஒரு பரீச்சை. அதுவரைக்கும் மாப்பிள்ளைப் பேச்சு எடுக்க மாட்டேன்னு எம் மகளுக்கு வாக்குக் குடுத்திருக்கேன். அது தப்பிப் போச்சுன்னா நான் சொல்ற எடத்துல கழுத்த நீட்டணும். அவளும் சரின்னுட்டா."

இங்கே வருவதற்கு முன்னால் எழுதிய தேர்வில் ஒன்றரை மார்க்கில் போய்விட்டது அவளுக்கு. இந்தத் தடவை விட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மதியம் தூக்குச்சட்டியைத் திறந்து சாப்பிடும்போது கூட எதிரில் புத்தகம் விரித்திருக்கும். நான் அந்த மரக்கதவு வழியாக எட்டிப் பார்த்து, "தாயி, குழம்பு புத்தகத்துல சிந்துச்சுன்னா உன் தோலை உரிச்சிருவேன்" என்பேன். "ரசஞ்சோறுதான் சார்" என்பாள், தலையைத் தூக்காமல்.

போன ஐப்பசி மழையில் அந்த அறையின் மூலையில் ஒழுக ஆரம்பித்தது. பவித்ரா உட்காருகிற இடத்துக்கு நேர் மேலே. நான் சூசைமுத்துக் கொத்தனாரைக் கூப்பிட்டு மாடியில் ஏறிப் பார்க்கச் சொன்னேன். பழைய கட்டட வேலை தெரிந்த ஆள், வாய்தான் கொஞ்சம் நீளம். இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"மேல தட்டோடு கொஞ்சம் பேந்திருக்கு சார், அம்புட்டுத்தான். கொத்தி எடுத்துட்டுச் சுண்ணாம்பு போட்டுத் தட்டி, திரும்ப ஓடு பதிச்சா தீந்துச்சு. மூணு நாள் வேலை. கட்டடம் கல்லுக்குண்டு மாதிரி நிக்குது."

கமர்ஜஹான் பக்கத்தில்தான் இருந்தார். "செலவ எங்க வீட்ல பாத்துக்கிறோம் சார். நாளைக்கே ஆரம்பிக்கச் சொல்லுங்க" என்றார்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அரசாங்கக் கட்டடத்தில் அனுமதி இல்லாமல் ஆணி அடிக்கக்கூடாது. எனக்கு முன்னால் இருந்த நூலகர் ஊர்க்காரர்களிடம் சுண்ணாம்பு வாங்கி வெள்ளையடித்து, அதற்கு மெமோ வாங்கினார். எனக்கு ஓய்வுபெறப் பதினான்கு மாதம் இருந்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும், இன்றைக்கு இந்தக் கதையே இல்லை. அந்த மூன்று நாள் வேலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் உள்ளது உள்ளபடி எழுதிய கடிதங்கள். 'மேற்கூரையில் சிறு கசிவு உள்ளது, பழுது நீக்கினால் போதுமானது.' பதில் இல்லை. போன் போட்டுக் கேட்டதற்கு அங்கே இருந்த ஒருவர், "ஒழுகுதுன்னு நூத்துக்கணக்குல லெட்டர் கெடக்கு சார். எல்லாத்தையும் பாக்க முடியுமா?" என்று வைத்துவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. ஊருக்கெல்லாம் மனு எழுதிக் கொடுத்து வேலை நடத்திக் கொடுத்தவன், என் சொந்த நூலகத்துக்கு ஒரு மூட்டை சுண்ணாம்பு வாங்க முடியவில்லையே என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கலெக்டருக்கே மனு எழுதினேன். 'மேற்கண்ட நூலகக் கட்டடமானது மிகவும் சிதிலமடைந்து, எந்நேரமும் இடிந்து விழும் நிலையில் உள்ளது. அன்றாடம் அமர்ந்து பயிலும் மாணவியர் தலைக்கு மேல் எமன் தொங்கிக்கொண்டிருக்கிறான். பெரும் உயிர்ச்சேதம் ஏற்படும் முன்…' என்று போகும் அது. எழுதி முடித்துவிட்டு எனக்கே சபாஷ் போட்டுக்கொண்டேன். ஈரம் கோத்த மூலையை மட்டும் கிட்டத்தில் வைத்துப் போனில் நான்கு படம் எடுத்தேன். பாதியைக் கழித்துக்கொண்டு படித்தாலும் பழுது பார்க்கப் பணம் ஒதுக்கிவிடுவார்கள், அதுதான் என் கணக்கு. வாசகர் நாற்பத்திரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். பெண்கள் அறையில்தான் ஒழுகல் என்பதால் முதல் கையெழுத்தைப் பவித்ராவைப் போடச் சொன்னேன். அவளும் போட்டாள். சிரித்துக்கொண்டுதான் போட்டாள்.

நேரம் பாருங்கள். அதே வாரம் எங்கேயோ தூரத்து மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர் விழுந்து இரண்டு பிள்ளைகள் செத்துப்போயின. ஆபத்தான பொதுக் கட்டடங்களை எல்லாம் உடனே கண்டுபிடித்து இடிக்கச் சொல்லி உத்தரவு. அந்த நேரத்தில் என் மனு போய் மேசையில் விழுந்திருக்கிறது. முதல் தடவையாக ஒரு மனுவில் ஒரு எழுத்தைக் கூடக் கழிக்காமல் படித்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகையில் படத்தோடு செய்தி வந்தது, மனுவின் வாசகமும் கையெழுத்துப் போட்டவர்கள் பெயருமாக. நான்காம் நாள் வாசல் இரண்டையும் பூட்டி சீல் வைத்துவிட்டார்கள். சந்துப் பக்கச் சுவரில் சிவப்பு மையால் 'அபாயம்' என்று எழுதினார்கள். அன்று காலையில் பவித்ராவை இறக்கிவிட வந்த மொக்கைச்சாமி அதைப் பார்த்துவிட்டு, வண்டியை நிறுத்தக் கூடச் செய்யாமல் அவளைத் திருப்பிக் கூட்டிப் போனதாகக் கமர்ஜஹான் சொன்னார்.

இடிப்பதற்கு முன் ஆய்வு செய்ய ஒரு இன்ஜினியர் வந்தார். தேவதர்ஷினி என்று பெயர், முப்பது வயது இருக்கும். சுத்தியலால் சுவரைத் தட்டினார், விட்டத்தைத் தட்டினார், ஏணி போட்டு மேலே ஏறிப் பார்த்தார். ஒரு மணி நேரம் கழித்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சார், இந்தக் கட்டடத்துக்கு ஒண்ணுமே ஆகல. அந்த மூலையில மட்டும்தான் தண்ணி எறங்குது. நீங்களா இப்படி எழுதுனீங்க?"

"ரிப்பேருக்காகக் கொஞ்சம்… தூக்கி எழுதினேன் மேடம். எல்லாரும் எழுதுறதுதானே. நல்லா இருக்குன்னு நீங்க ரிப்போர்ட் குடுத்துருங்க."

"எப்படிக் குடுக்கிறது? நூலகரே இடிஞ்சு விழும்னு எழுதி நாப்பத்திரண்டு பேரு கையெழுத்துப் போட்ட பேப்பர் ஃபைல்ல இருக்கு. நான் நல்லாருக்குன்னு எழுதி, நாளைக்கு ஒரு காரை பேந்து யார் தலையிலயாவது விழுந்தா, இந்த நேரத்துல என்னை விடுவாங்களா? ஒண்ணு பண்ணுங்க. 'பழுதுக்காக மிகைப்படுத்தி எழுதினேன், அதில் உண்மை இல்லை, கட்டடம் உறுதியாக உள்ளது'ன்னு நீங்களே ஒரு லெட்டர் குடுங்க. அதை வச்சு நான் மறு ஆய்வு போட்டு நிறுத்திர்றேன். வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

நான்கு நாள் கொடுத்தார். நான்கு நாளும் எழுதினேன். எத்தனை பேருக்கு எத்தனை மனு எழுதியிருப்பேன், 'நான் எழுதியது பொய்' என்ற மூன்று வார்த்தை என் பேனாவில் இறங்க மாட்டேன் என்றது. கலெக்டருக்குப் பொய்த் தகவல் கொடுத்த அரசு ஊழியர் என்று ஆகும். விசாரணை வைப்பார்கள். ஓய்வுபெறும் நாளில் சஸ்பெண்ட் செய்வதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்குமா? 'சற்றே', 'ஒருவேளை', 'பார்வைக் கோணத்தில்' என்று வார்த்தைகளைப் போட்டுப் போட்டு எடுத்தேன். கடைசியில் ஒரு கடிதம் தயாரானது. 'பழமையும் சிறப்பும் வாய்ந்த இக்கட்டடத்தை மறு ஆய்வு செய்ய ஆவன செய்யுமாறு' என்று முடியும்.

அதைக் கமர்ஜஹானிடம் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. நல்லா இருக்கு என்று ஒரு ஆள் சொல்ல வேண்டியிருந்தது போல. அவர் இரண்டு தடவை படித்தார்.

"நீங்க எழுதுனது நெசமில்லேன்னு இதுல எங்கயுமே இல்லையே சார்."

"அதெல்லாம் அப்படிப் பச்சையா எழுத முடியாதும்மா."

"பச்சையா எழுதுனாத்தான அந்த இன்ஜினியர் புள்ள நிறுத்துறேன்னுச்சு? ஒரு வரி சார். ஒரே ஒரு வரி எழுதுங்க."

எனக்குச் சுள்ளென்று வந்தது. "உங்களுக்கென்னம்மா, சொல்லிட்டுப் போயிருவீங்க. பென்ஷன் போறது எனக்குத்தானே!"

அவர் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார். "எங்க வாசல் போகுது சார்" என்று மட்டும் சொன்னார். அவர் மீது கோபப்பட எனக்கு எந்த உரிமையும் இல்லை. இன்று வரை மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை தன் ஆபீசில் தேவதர்ஷினி என் கடிதத்தைப் படித்துவிட்டு, "இது போதாது சார்" என்றார். மேசையில் இருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, பேனாவைத் திறந்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார். "இங்கேயே எழுதுங்க. நான் வெயிட் பண்றேன்." அந்தப் பெண்ணுக்கு இதில் என்ன லாபம்? ஒன்றுமில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிறது, திங்கட்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அந்த ஆபீசுக்கும் எங்கள் ஊருக்கும் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் உண்டு. திங்கட்கிழமை நான் போகவில்லை.

தை மாதம் இடித்தார்கள். இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று வந்த காண்டிராக்டர் ஒன்பது நாள் இடித்தார். முதல் நாளே ஜேசிபியின் பல் ஒன்று உடைந்தது. கூரையைக் கொத்தினால் கடப்பாரை எகிறுகிறது என்று கூலியாட்கள் திட்டினார்கள். சூசைமுத்துவையும் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்றாம் நாள் நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, அவர் மேலே நின்றபடியே சத்தம் போட்டுக் கேட்டார்:

"ஏன் சார், எந்நேரமும் விழும்னு எழுதுனீங்களே, எந்த நேரம்னு சேத்து எழுதியிருக்கக் கூடாதா? நாங்க அந்த நேரத்துக்கு வந்து நின்னுருப்போம்ல?"

டீக்கடையில் நின்ற கூட்டம் மொத்தமும் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஐம்பத்தொன்பது வயசு மனுசன், குலுங்கிக் குலுங்கி. சந்து வாசல் இருந்த சுவர்தான் கடைசியாக விழுந்தது. அதைப் பார்க்க நான் போகவில்லை.

புதுக் கட்டடத்துக்கு இன்னும் பணம் ஒதுக்கவில்லை. இடித்த இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்திருக்கிறது. நூலகம் இப்போது உரக்கடை மாடியில் இருக்கிறது. ஒரே கூடம், ஒரே படிக்கட்டு. படிக்கட்டின் வாயிலேயே மூட்டை தூக்குகிற ஆட்கள் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருப்பார்கள். கமர்ஜஹான் ஒரு தடவை ஏறி வந்தார், நாலாபுறமும் பார்த்தார், கையிலிருந்த இரண்டு புத்தகத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார். அந்தப் பெண்களில் இரண்டு பேர் திண்டுக்கல்லில் பயிற்சி மையத்தில் சேர்ந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை. பவித்ரா வரவில்லை.

தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது எனக்குப் பொறுக்கவில்லை. அவள் படிக்கிற புத்தகங்களாகப் பார்த்துப் பதினோரு புத்தகம் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்துக் களத்துப்பட்டிக்குப் போனேன். வீட்டிலேயே வைத்துப் படிக்கட்டும், திரும்பக் கூடத் தர வேண்டாம் என்று சொல்வதாக நினைப்பு.

மொக்கைச்சாமி தோட்டத்திலிருந்து ஓடிவந்தார். "வாங்க சார், வாங்க வாங்க! ஏ, யாரு வந்திருக்கான்னு பாரு! நம்ம புள்ள உசுரக் காப்பாத்துன மனுசன் வந்திருக்காரு!" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். நாற்காலியைத் துண்டால் தட்டிப் போட்டார். எனக்கு உட்காரவே முடியவில்லை.

"நீங்க மட்டும் எழுதிப் போடலேன்னா எம் மக தலையில விழுந்திருக்கும் சார். சாமிதான் ஒங்கள எழுத வச்சிருக்கு. வைகாசில கல்யாணம் வச்சிருக்கோம். நீங்க குடும்பத்தோட வந்து மொத ஆளா நிக்கணும்."

"பரீச்சை வரைக்கும் பொறுக்குறதா வாக்குக் குடுத்தீங்களே, மொக்கைச்சாமி?"

அவர் முகம் மாறியது. "குடுத்தேன் சார். அவ வாக்குச் சுத்தமா இருந்தா நானும் இருந்திருப்பேன். திண்டுக்கல்லுக்குக் கூட அனுப்பியிருப்பேன். பேப்பர்ல மொதப் பேரே அவ பேரு சார். கூரை விழப்போகுதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கா. போட்டுட்டு, எங்ககிட்ட ஒரு வார்த்த மூச்சு விடாம, தெனமும் அதுக்கடியில போயி ஒக்காந்திருக்கா. உசுரு போற விசயத்தையே பெத்தவன்கிட்ட மறைக்கிறவ, வெளியூருக்கு அனுப்புனா இன்னும் என்னென்ன மறைப்பா? எனக்கு அவ பேச்சுல நம்பிக்கை விட்டுப்போச்சு சார்."

இதை நான் யோசிக்கவே இல்லை. எல்லாவற்றையும் யோசித்தேன், பென்ஷன், விசாரணை, ஊர்ச்சிரிப்பு. முதல் கையெழுத்தை நான் போடச்சொன்னவளைப் பற்றி யோசிக்கவில்லை.

இருங்கள், பூ பறித்து வருகிறேன் என்று அவர் தோட்டத்துக்குப் போனார். பவித்ரா காப்பி கொண்டுவந்து வைத்தாள். மெலிந்திருந்தாள். பையிலிருந்த புத்தகங்களைப் பார்த்தாள், தொடவில்லை.

"இடிச்ச அந்த ஒம்பது நாளும் நான் அப்பாகூட அந்த வழியாத்தான் சார் பூ ஏத்திக்கிட்டுப் போனேன்" என்றாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "'பாருங்கப்பா, எம்புட்டு உறுதியா நிக்குது. சார் ரிப்பேருக்காகத்தான் அப்படி எழுதுனாரு, எங்க எல்லாருக்கும் தெரியும், அதனாலதான் ஒங்ககிட்ட சொல்லல'ன்னு சொன்னேன். 'படிச்ச மனுசன், கலெக்டருக்குப் போயி பொய் எழுதுவாரா? நீ தப்பிக்கிறதுக்கு அவரு மேல பழி போடாத'ன்னுட்டாரு. நீங்க என்னைக்காவது வந்து சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன் சார். மாப்பிள்ளை வீட்ல பூ வச்சிட்டுப் போற வரைக்கும் பாத்தேன்."

மொக்கைச்சாமி மடி நிறைய சம்பங்கியோடு திரும்பி வந்தார். நான் எழுந்து நின்றேன். சொல்லிவிட்டேன்.

"மொக்கைச்சாமி, நான் எழுதினது பொய். கட்டடம் நல்லாத்தான் இருந்தது. ஒரு மூலையில ஒழுகுச்சு, அவ்வளவுதான். உங்க மகளைக் கையெழுத்துப் போடச் சொன்னது நான். அவ உங்ககிட்ட எதையும் மறைக்கல. அவ சொன்னதெல்லாம் நிசம்."

மொக்கைச்சாமி என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். பூவை ஒரு வாழையிலையில் கொட்டிக் கட்டிக்கொண்டே மெதுவாகச் சிரித்தார்.

"அழுதாளாக்கும் ஒங்ககிட்ட? ஒங்களுக்குப் பெரிய மனசு சார். எம் புள்ளைக்காக ஒங்க பேரையே கெடுத்துக்கிறீங்க." இலைக்கட்டை என் கையில் வைத்தார். "பொய்யா இருந்தா இடிச்சிருப்பாங்களா சார்?"

பவித்ரா டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.